ஒழுகும் இடம்

தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நீர் சொட்டும் இடம் ஒன்று. கூரையில் ஓட்டை உள்ள இடம் வேறொன்று. ஆணி அடித்த துளையின் வழியே புகுந்த மழைநீர் தகரத்தின் அடிப்புறமாகவே சரிந்து வரும். குறுக்குச் சட்டம் ஒன்று வழிமறிக்கும் இடத்தில் தங்கிப் பிறகு சொட்டத் தொடங்கும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஏறித் தார் பூசியவர்கள் அடுத்த மழைக்கும் பாத்திரம் வைத்தார்கள். தோட்டப்புற லயங்களில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதனைக் கற்பிக்கப் பாடநூல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பழைய அறிவு, இரும்புத் தகட்டை மின்தீயால் அறுக்கின்ற ஒரு பொறியைப் பற்றிச் சிந்திக்க நேர்ந்தபோது எனக்குக் கைகொடுத்தது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனுக்கும் பிளாஸ்மா டார்ச்சுக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்த டார்ச்சுக்குள் எங்கோ ஓரிடத்தில் நீர் ஒழுகியது. அந்த ஒழுகலோடு இருபது வயது இளைஞன் ஒருவனின் வேலையும் ஒழுகிப் போக இருந்தது. அவன் எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவன். உறவு அவ்வளவுதான்.

என் பழைய மாணவன் ஒருவன் கிள்ளானை அடுத்த மேரு வட்டாரத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். நாற்பதை நெருங்கிவிட்ட குடும்பத் தலைவரை ‘அவர்’ என்று எழுதுவதே முறை. ஆயினும், கைபிடித்து ‘அ’ எழுதக் கற்பித்தவனின் பேனாவுக்கு அந்த முறை எளிதில் வசப்படுவதில்லை, பொறுத்தருள்க. செம்பனை ஆலைகளுக்கு வேண்டிய தொட்டிகளும் நீராவிக் கலங்களும் மேடைகளும் செய்து தரும் பட்டறை அது. ஒரு சனிக்கிழமை மாலை அவன் தடித்த ஆங்கில நூல் ஒன்றை ஏந்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். இயந்திரத்தோடு வந்த கையேடு அது.

“ஐயா, பழுது பார்க்கும் பகுதி இதில் இருக்கிறது. படித்தால் பாதி விளங்குகிறது. பாதி நழுவிப் போகிறது. கொஞ்சம் உடன் இருந்து படித்துச் சொல்லுங்கள்” என்றான்.

அவன் கவலையுற்றிருந்தான். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த அந்த இளைஞன் இயந்திரத்தைக் கெடுத்துவிட்டான் என்பது முதலாளியின் முடிவு. அவன் வேலை செய்யும் நாள்களில்தான் குளிர்நீர்த் தொட்டியின் மட்டம் மிகுதியாக இறங்குகிறது. அவன் கையில்தான் உதிரிப் பாகங்கள் விரைவில் தேய்கின்றன. அவற்றின் விலையில் ஒரு பகுதி அந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டுவிட்டது. அடுத்த மாத இறுதியோடு அவனை நிறுத்திவிடுவதாகவும் பேச்சு. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கலாகாது என்பதற்கு நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வரம்பு உண்டு. அதை நினைவூட்டினேன். “சட்டம் பேசினால் பணம் திரும்பும் ஐயா, ஆனால், கெடுத்தவன் என்ற பெயர் நிற்கும்” என்று பதில் வந்தது. ஆகவே, நூலைத் திறந்தோம்.

இந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். காற்றையோ ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ ஒரு சிறு துளையின் வழியே விரைந்து செலுத்தி, அதனூடே வலிய மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். அப்போது அந்த வளியின் அணுக்கள் சிதைந்து மின்னூட்டம் பெறுகின்றன. திண்மம், நீர்மம், வளிமம் என்று வகுப்பில் நாம் சொல்லித் தரும் மூன்று நிலைகளுக்கும் அப்பாற்பட்ட நான்காம் நிலை அது. அதற்குப் ‘பிளாஸ்மா’ என்று 1928இல் பெயர் சூட்டியவர் அமெரிக்க அறிவியலறிஞர் இர்விங் லாங்மூர். அதனைக் கொண்டு உலோகம் அறுக்கும் டார்ச்சுக்கு 1957இல் அந்நாட்டில் காப்புரிமை பெற்றவர் இராபர்ட்டு கேஜ். துளையினின்று பீறிடும் அந்தத் தழல் 20,000 பாகை செல்சியசு வெப்பத்தையும் எட்ட வல்லது. சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 பாகைதான் என்று நினைத்துப் பார்த்தால், பட்டறையில் நாள்தோறும் கையாளப்படுவது எத்தகைய நெருப்பு என்பது புலப்படும்.

அந்த நெருப்பு பிறக்கும் முனையை எலெக்ட்ரோடு என்கிறார்கள். மின்முனை என்று நாம் எழுதலாம். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது செம்பினால் ஆனது. அதன் நுனியில் ஹாஃப்னியம் என்னும் உலோகம் ஒரு குமிழ் அளவு பதிக்கப்பட்டிருக்கும். ஹாஃப்னியம் உருகுவதற்கு 2,200 பாகைக்கு மேல் வேண்டும். செம்போ 1,085 பாகையிலேயே உருகிவிடும். பின் அந்தச் செம்பு எப்படிப் பிழைத்திருக்கிறது? அதன் முதுகுப்புறத்தை இடைவிடாமல் தழுவி ஓடுகின்ற நீரினால். ஒருபுறம் சூரியனை மிஞ்சும் வெப்பம். மறுபுறம் ஓடும் நீர். இடையே சில மில்லிமீட்டர் கனமுள்ள செம்பு. இதனைப் படித்துச் சொல்லியபோது நானே ஒரு கணம் நிறுத்திவிட்டேன். எத்தனையோ ஆண்டுகளாக அதனோடு பழகியவனாகிய அவன் சிரித்துக்கொண்டான்.

சிறிய கைடார்ச்சுகளுக்குக் காற்றின் குளிர்ச்சியே போதும். மேடைமீது தானே ஓடி அறுக்கும் பெரிய இயந்திரங்களுக்குத்தான் நீர் வேண்டும். தொட்டியிலிருந்து பம்பு அந்த நீரைத் தள்ளுகிறது. நீண்ட குழாயின் வழியே அது டார்ச்சை அடைகிறது. உள்ளே மெல்லிய ஒரு செம்புக்குழல் அதனை மின்முனையின் முதுகுவரை கொண்டுசேர்க்கிறது. அங்கிருந்து நாசில் எனப்படும் துளைமூக்கைச் சுற்றிவந்து, மற்றொரு குழாயின் வழியே குளிர்பெட்டிக்கும் வடிகட்டிக்கும் போய்த் தொட்டிக்கே திரும்புகிறது. பாகமும் பாகமும் சேரும் இடங்களில் ஓரிங் என்னும் ரப்பர் வளையங்கள் நீரைக் காவல் காக்கின்றன. விரலில் அணியும் மோதிரத்தைவிடச் சிறியவையும் அவற்றுள் உண்டு.

நீர் என்று சொன்னேன். அது வெறும் நீரன்று. உப்புகள் நீக்கிய நீரில் புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் நீர்மத்தையும், உலோகம் அரிக்காமல் காக்கும் மருந்தையும் கலந்திருப்பார்கள். வீட்டுக் குழாய்நீரை ஊற்றலாகாது. அதிலுள்ள உப்புகள் குறுகிய வழிகளில் படியும். மேலும், உப்புநீரில் மின்சாரம் ஓடும். எதிர்முனையையும் நேர்முனையையும் ஒரே நீர் தொட்டுக்கொண்டு ஓடும் இடத்தில், அந்த நீரே மின்சாரத்துக்கு வழிவிட்டால் என்ன ஆகும்? தழல் தொடங்க வேண்டிய பொறி தொடங்காது; உலோகம் உள்ளிருந்தே அரிபடும். காருக்கு ஊற்றும் குளிர்நீர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதனை ஊற்றுபவர்களும் உண்டு. அதுவும் ஆகாது என்று கையேடு அழுத்தமாகவே கூறுகிறது.

இத்தகைய ஓட்டத்தில் ஒழுகல் ஏற்பட்டால் முதலில் நீரா தெரியும்? பெரும்பாலும் இல்லை. உட்புற வளையம் ஒன்று கசிந்தால், நீர்த்துளி தழல் பிறக்கும் அறைக்குள் புகுந்து கணப்பொழுதில் ஆவியாகிவிடும். தழல் தடுமாறும், வெட்டுவாய் சாயும், ஹாஃப்னியம் விரைவாகக் குழியும். அந்தக் குழி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் கண்டதும் மின்முனையை மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மாற்றாமல் விட்டால் ஒரு நாள் செம்பே துளைபட்டு நீர் பீறிடும். கசிவு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தாலோ வேடிக்கை வேறு. நீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். தொட்டியில் நுரை தெரியும், ஓட்டம் குறையும், இயந்திரம் தானே நின்றுவிடும். நின்றதைப் பார்ப்பவர் பம்பைக் குறை கூறுவார்.

நாங்கள் இருவரும் அன்றிரவு பதினொரு மணிவரை படித்தோம். படித்தவற்றைத் தமிழில் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினேன். மொழிபெயர்ப்பு என்று அதனைச் சொல்ல மாட்டேன். அவன் கைக்கு எட்டும்படி எழுதிய குறிப்பு, அவ்வளவே. நம்மில் சிலர் கலைச்சொல் ஒன்றைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணி மகிழ்கிறோம். ‘உலர்ந்த தாளைச் சுற்று, காத்திரு, நனைந்த தாளைப் பார்’ என்பதற்குக் கலைச்சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பள்ளி விடுமுறையாதலால் மறுநாள் நானும் பட்டறைக்குச் சென்றேன். ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரும் இல்லை. மேற்பார்வையாளனும் அந்த இளைஞனும் மட்டும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் இளைஞன், “வணக்கம் ஐயா” என்றான். அதற்குமேல் அவனால் பேச இயலவில்லை. தலைமையாசிரியரின் முன் நிற்பது ஒருபுறம். குற்றவாளியாக நிற்பது மறுபுறம்.

ஈரத்தைத் தேடும் முன் ஈரமல்லாதவற்றை நீக்க வேண்டியிருந்தது. நம் நாட்டுக் காலைக் காற்றில் குளிர்பெட்டியின் குழாய்கள் தாமே வியர்க்கும். அது ஒழுகல் அன்று. தொட்டுப் பார்த்தால் தெரியும். வியர்வை வெறும் நீர், துடைத்தால் போய்விடும். குளிர்நீரோ விரலிடையே வழுவழுக்கும், எளிதில் உலராது. இன்னொரு பொய்ச்சாட்சியும் உண்டு. அமுக்கிய காற்றிலேயே ஈரம் கலந்திருந்தால் நாசில் வாயில் துளி தெரியும். அதனைப் பிரித்தறியும் வழி எளிது. பம்பை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் செலுத்து. அப்போதும் துளி வந்தால் குறை காற்றில். காற்றை நிறுத்திவிட்டுப் பம்பை மட்டும் ஓட்டு. அப்போது வந்தால் குறை நீர்வழியில். இரண்டையும் ஒருசேர ஓட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இவ்வளவு தெளிவான முறையை யார் வகுத்தார்களோ, அவர்கள் நல்லாசிரியர்களாகத்தான் இருக்க வேண்டும்.

டார்ச்சைத் தொடுவதற்குமுன் முதன்மை மின்சாரத்தைத் துண்டித்து, அந்தப் பெட்டிக்குப் பூட்டும் போட்டான். உடனே கையை வைக்கவில்லை. உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று கையேடு குறித்த நேரம் காத்திருந்தோம். பாகங்களைக் கழற்றிப் பார்த்தான். ஆனால், புதியவற்றை மாட்டவில்லை. “இதற்குமுன் ஒவ்வொரு தடவையும் புதுப் பாகங்களை மாட்டிவிட்டுத்தான் சோதித்தோம் ஐயா. புது ஓரிங் ஒழுகுமா?” என்றான். தடயத்தைத் துடைத்துவிட்டுக் கள்வனைத் தேடியது போலத்தான். ஆகவே, பழையவற்றையே திரும்ப மாட்டி, டார்ச்சின் வெளிப்புறம் முழுவதையும் துடைத்து, சேருமிடம் ஒவ்வொன்றிலும் மெல்லிய தாளைச் சுற்றி, பம்பை மட்டும் ஓட்டினான். கால் மணி நேரம் ஆயிற்று. நாசிலின் துளையில் ஒரு துளி திரண்டது, தொங்கியது, விழுந்தது.

மறுபடியும் மின்சாரத்தைத் துண்டித்துக் கழற்றிப் பார்த்தபோது மின்முனையின் ஓரிங்கில் நகக்கீறல் போன்ற ஒரு வெட்டு தெரிந்தது. உலர்ந்த வளையத்தைத் திருகி ஏற்றினால் அப்படி ஆகும். அதற்கெனத் தரும் சிலிக்கோன் பசையை மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். வளையம் பளபளத்தால் போதும். அள்ளிப் பூசினால் அது தூசியைச் சேர்க்கும். காற்றுத் துளைகளை அடைக்கும். உள்ளே இருக்கும் செம்புக்குழலையும் வலிந்து இறுக்கலாகாது. அது சற்றே தளர்ந்திருப்பதே முறை. நீரின் அழுத்தம் அதனை உரிய இடத்தில் நிறுத்திக்கொள்ளும்.

ஒழுகல் அகப்பட்டது. ஆனால், அகப்பட்ட இந்த உண்மை இளைஞனுக்குத் துணை செய்யவில்லை. மாறாக, “பார்த்தாயா, இவன் பசை தடவாமல் மாட்டியிருக்கிறான்” என்று திங்கட்கிழமையே முதலாளி சொல்லிவிட்டாராம். அந்தப் பாகத்தை மாட்டியவன் யார் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. மூவர் மாறி மாறி வேலை செய்யும் இயந்திரம் அது. குறிப்பு இல்லாத இடத்தில், புதியவன்மீது பழி விழுவது உலக வழக்கு.

இதற்குள் வேறொன்றும் நிகழ்ந்தது. வளையம் மாற்றிய பிறகும் தொட்டியின் மட்டம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. முன்போல் விரைவாக இல்லை, ஆயினும் இறங்கியது. ஒரு ஒழுகலைக் கண்டுபிடித்தவுடன் தேடுவதை நிறுத்திவிடுவது எளிது. என் பழைய மாணவன் நிறுத்தவில்லை. தொட்டியின் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டான். என் கையெழுத்தில் இருந்த அந்தக் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் பத்திகள் பிரித்தான்: நாள், வேலை செய்தவர், பம்பு ஓடிய நேரம், மட்டம் எத்தனை விரற்கடை இறங்கியது, என்ன தகடு அறுத்தது. கடைசிப் பத்தி எதற்கு என்று கேட்டேன். “சும்மா இருக்கட்டும் ஐயா, இடம் இருந்தது” என்றான். இடம் இருந்ததால் எழுதப்பட்ட அந்தப் பத்திதான் பிறகு எல்லாவற்றையும் சொல்லியது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கணக்குப் பாடம் நடத்தியவர் ஒரு கழித்தல் கணக்கை அடிக்கடி எடுத்துக் காட்டுவார். ஒரு சிறுவன் 58இலிருந்து 27ஐக் கழித்து 31 என்று எழுதுகிறான்; சரி. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிறான், தவறு. கவனக்குறைவு என்று சிவப்புக் கோடு போட்டுவிடலாம். ஆனால், அவன் கவனமாகத்தான் செய்திருக்கிறான். எந்த இலக்கம் மேலே, எந்த இலக்கம் கீழே என்று பாராமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது அவனுடைய விதி. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளில் அந்த விதி ஒரு நாளும் பிடிபடாது. நூறு கணக்குக் கொடுத்தாலும் அவன் நூற்றுக்கு நூறு வாங்குவான். கடன் வாங்கும் கணக்கு ஒன்றைக் கொடுத்தால்தான் குறை வெளியே வரும்.

மூன்று வாரக் குறிப்பை அவன் என்னிடம் கொண்டுவந்தபோது அந்தக் கணக்குத்தான் என் நினைவுக்கு வந்தது. முதலாளி சொன்னதில் ஒரு பாதி உண்மையாகவே இருந்தது. இளைஞன் வேலை செய்த நாள்களில்தான் மட்டம் மிகுதியாக இறங்கியிருந்தது. ஒன்றரை விரற்கடை, இரண்டு விரற்கடை. மற்றவர்களின் நாள்களில் அரை விரற்கடைகூட இல்லை. ஆனால், கடைசிப் பத்தியையும் சேர்த்துப் படித்தால் வேறொரு கதை. இருபது அடி நீளத் தகடுகளை அறுப்பது இளைஞனின் பொறுப்பு. நீளத் தகட்டை ஏற்றி இறக்குவது வருத்தமான வேலை. மூத்தவர்கள் அதனைப் புதியவனிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். அவன் விடுப்பில் இருந்த இரண்டு நாள்களில் மூத்தவர் ஒருவர் நீளத் தகடு அறுத்திருக்கிறார். அந்த இரண்டு நாள்களிலும் மட்டம் ஒன்றரை விரற்கடை இறங்கியிருக்கிறது. இளைஞன் சிறிய துண்டுகள் அறுத்த ஒரு நாளில் ஏறத்தாழ ஒன்றுமே இறங்கவில்லை.

இதனை முதலில் கண்டு சொன்னவன் நான் அல்லன்; மேற்பார்வையாளனும் அல்லன். குறிப்பேட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன்தான், “அண்ணே, நாம் எப்போதும் இயந்திரத்தை இந்த முனையில் நிறுத்தி வைத்துத்தானே சோதிக்கிறோம்? நீளத் தகடு என்றால் அது அந்தக் கடைசி வரைக்கும் போகும். அங்கே கொண்டுபோய்ப் பார்ப்போமா?” என்று கேட்டான்.

கேள்வியின் ஆழம் உடனே எங்களுக்கு எட்டவில்லை. பிறகு எட்டியது. டார்ச்சைத் தாங்கிய பாலம் தண்டவாளத்தின்மீது ஓடும்போது நீர்க்குழாய்களும் உடன் இழுபடுகின்றன. இந்த முனையில் அவை தளர்ந்து தொங்குகின்றன. அந்த முனையில் எப்படி இருக்கின்றன என்று யாரும் பார்த்ததில்லை. அங்கே ஒழுகினாலும் தெரிய வழியில்லை. ஏனெனில், அறுக்கும் மேடையின் அடியில் புகையையும் பொறிகளையும் அடக்குவதற்காக நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது. நீரின்மேல் விழும் நீரை யார் காண்பது? அதிலிருந்து தெறிக்கும் நீரால் டார்ச்சின் வெளிப்புறம் எப்போதும் நனைந்தேதான் இருக்கும்.

ஆகவே, மற்றொரு ஞாயிற்றுக்கிழமை. மேடையின் நீர்மட்டத்தைத் தாழ்த்தினார்கள். அதன்மீது மெல்லிய தகடுகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் பழைய தமிழ் நாளிதழ்களை விரித்தார்கள். என் வீட்டிலிருந்து ஒரு கட்டு கொண்டுபோயிருந்தேன். நாளிதழைச் சேர்த்து வைக்கும் என் பழக்கத்தைக் குறைகூறி வந்த என் மனைவியார் அன்று ஒன்றும் சொல்லவில்லை. தழல் இல்லை, காற்று இல்லை, பம்பு மட்டும் ஓடியது. நாங்கள் மூவரும் எட்ட நின்றுகொண்டோம். அறுப்பது போலவே, ஆனால் அறுக்காமல், பாலத்தை மெல்ல நகர்த்தினான். முதல் தாள் உலர்ந்திருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே. பாலம் முக்கால் தூரம் கடந்தபோது குழாய்களின் தொய்வு குறைந்தது. இன்னும் சிறிது போனதும் அவை விறைத்து, டார்ச்சின் தலையை ஒருபக்கமாக இழுத்தன. கடைசித் தாளின்மேல் ஓரிடம் கருத்தது. ஒரு துளி, சிறிது பொறுத்து இன்னொன்று. பாலத்தை முன்முனைக்கு இழுத்ததும் துளி நின்றது. மீண்டும் கடைசிக்கு அனுப்பியதும் மீண்டும் விழுந்தது. மூன்று தடவை அப்படிச் செய்து பார்த்தார்கள். ஒரு தடவை கண்டதை நம்பலாகாது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இளைஞன் அந்தத் துளியைத் தொட்டு விரலிடையே தேய்த்தான். வழுவழுப்பாக இருந்தது. விரலை மேற்பார்வையாளனிடம் நீட்டினான், என்னிடமும் நீட்டினான். ஒன்றும் பேசவில்லை.

மின்சாரத்தைத் துண்டித்து, டார்ச்சைப் பிடித்திருக்கும் உறையைக் கழற்றினார்கள். நீர் திரும்பிச் செல்லும் குழாய் டார்ச்சின் தலையோடு சேருமிடத்தில் பித்தளை இணைப்பு ஒன்று இருக்கிறது. அதன் கழுத்தில் மயிரிழை போன்ற ஒரு விரிசல். நேராக நிற்கும்போது விரிசல் மூடிக்கொள்கிறது. குழாய் பக்கவாட்டில் இழுக்கும்போது வாய் திறக்கிறது. ஒழுகிய நீர் உறையின் உட்புறமாகவே வழிந்து, கீழே நாசிலின் அருகில் வந்து சொட்டுகிறது. நாசிலின் அருகில் ஈரம் கண்டவர்கள் நாசிலையும் அதன் வளையங்களையும் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எங்கள் லயத்துத் தகரக் கூரையும் இதைத்தான் செய்தது.

விரிசல் ஏன் வந்தது? அதனையும் அவன் விடவில்லை. குழாய்க் கற்றையைப் பாலத்தோடு பிணைக்கும் பற்றுக்கட்டை ஒரு சாண் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அதனால் கடைசி முனைக்கு வேண்டிய நீளம் போதவில்லை. ஒவ்வொரு நீளத் தகட்டின்போதும் அந்தப் பித்தளைக் கழுத்து இழுபட்டிருக்கிறது. இயந்திரம் அந்தப் பட்டறையில் நிறுத்தப்பட்ட நாளிலேயே நேர்ந்த குறை அது; அந்த நாளில் இந்த இளைஞன் இன்னும் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். இணைப்பை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் அதுவும் விரிந்திருக்கும். பற்றுக்கட்டையைத் தளர்த்தி உரிய இடத்தில் பூட்டினார்கள். புதிய இணைப்பு வரும்வரை நீளத் தகடு அறுப்பதில்லை என்று முடிவாயிற்று.

புதிய இணைப்பு பூட்டிய பிறகு மட்டம் நிலைத்தது. முழுதும் நிலைத்தது என்று சொல்ல முடியாது. பாகம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சில துளிகள் போகத்தான் செய்யும், அது இயல்பு. குறிப்பேட்டில் அதுவும் எழுதப்படுகிறது.

மேற்பார்வையாளன் குறிப்பேட்டையும் அந்த நாளிதழ்த் தாளையும் முதலாளியின் மேசைமேல் வைத்தானாம். அவர் பத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. எண்களும் நாள்களும் தெரியும். நீளத் தகட்டு நாள்களை மேற்பார்வையாளன் விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறான். “சரி, வேலையைப் பார்” என்று மட்டும் அவர் சொன்னாராம். அந்த மாதக் கடைசியில் இளைஞனின் சம்பளச் சீட்டில், முன்பு பிடித்த தொகை ‘இதர வரவு’ என்னும் பெயரில் வந்திருந்தது. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. வேலையை விட்டு நிறுத்தும் பேச்சும் அதன்பின் எழவில்லை. அவர் வருத்தம் தெரிவிப்பார் என்று மேற்பார்வையாளன் ஓரளவு எதிர்பார்த்திருக்கிறான். இளைஞன் அப்படி எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அண்மையில் அவ்வழியே சென்றபோது பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்தில் தொடங்கிய குறிப்பேடு நிரம்பி, இரண்டாவது ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்திகளின் தலைப்புகள் தமிழிலும் மலாயிலும் இருந்தன. நேப்பாளத்திலிருந்து வந்த ஒருவரும் இப்போது அந்த இயந்திரத்தில் வேலை செய்கிறாராம். ‘மாட்டியவர் பெயர்’ என்று புதிதாக ஒரு பத்தி. அதற்கு அடுத்து, ‘பாலம் எந்த முனையில் நின்றது’ என்று இன்னொரு பத்தி. அந்த எழுத்து இளைஞனுடையது. ‘முனை’ என்பதில் டண்ணகரம் விழுந்திருந்தது. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்கப் போன கையை மெல்ல இறக்கிக்கொண்டேன். அவன் அப்போது மேடையின் கடைசி முனையில் நின்று, இருபது அடித் தகடு ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தான்.